எலி மருந்தும் ‘கிஃப்ட்’டும்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். ஜெர்மனிக்கு வேலைக்குப் போவதற்காக ஒன்றரை வருடமாக ஜெர்மன் படிக்கிறேன். பி1 நிலைத் தேர்வு முடித்துவிட்டேன், அடுத்த நிலையான பி2 எழுத வேண்டும். மகளிர் தினத்துக்கு எங்கள் மருத்துவமனையில் பேச்சுப்போட்டி இருக்கிறது. வரதட்சணை பற்றிப் பேசப்போகிறேன்.

சமீபத்தில் ஒரு பேச்சாளரின் உரையைக் கேட்டேன். ஜெர்மன் மொழியில் ‘கிஃப்ட்’ என்றால் நஞ்சு. சும்மா கிடைப்பதெல்லாம் விஷம்தான் என்று அந்த இனம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டது. அதனால்தான் வரதட்சணைக்கு ‘மிட்கிஃப்ட்’, அதாவது ‘நஞ்சோடு வருவது’ என்று பெயர் வைத்தார்கள் என்றார். மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞரும் இதை எழுதியிருக்கிறாராம். கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. என் பேச்சுக்கு இதையே முத்தாய்ப்பாக வைக்கலாமா?

இன்னும் சில சந்தேகங்கள். ‘கொடுப்பு’ என்ற தமிழ்ச்சொல்தான் கிஃப்ட் ஆனது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா? எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன் டேர் (ஆண்பால்), எதற்கு டீ (பெண்பால்), எதற்கு டாஸ் (மூன்றாம் பால்) என்று நினைவில் வைக்க வழி உண்டா? எந்த அகராதி வாங்கலாம்? வேறு மொழிக்குப் பெயர்க்கவே முடியாத சொற்கள் ஜெர்மனில்தான் அதிகமாமே?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள வாசகிக்கு,

வைக்காதீர்கள். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் ஒரு சொல்லின் பிறப்பை வைத்து ஒரு இனத்துக்கே ஜாதகம் கணிக்கிற பழக்கம் நம் மேடைகளில் பெருகிக்கொண்டே போகிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த வாரத்தில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் திட்டிவிடுகிறேன். ‘யாரோ சொன்னாங்க’ என்று ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வரும் நோயாளியை நீங்கள் என்ன பாடு படுத்துவீர்கள்? எந்த மாத்திரை, எத்தனை, எப்போது என்று மூன்று கேள்வியாவது கேட்பீர்கள் அல்லவா? ஒரு சொல்லை மட்டும் அப்படியே விழுங்கிவிட்டுச் சிலிர்த்திருக்கிறீர்கள். ‘கேபென்’ என்றால் கொடு என்பது உங்கள் முதல் மாதப் பாடத்திலேயே வந்திருக்கும். ‘எஸ் கிப்ட்’ (இருக்கிறது, கிடைக்கும்) என்று நாளைக்கு நாற்பது முறை சொல்லியிருப்பீர்கள். கிஃப்ட்டைப் பார்த்ததும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டாமா?

சரி. இனி ஒரு மளிகைக்கடைக்குப் போவோம். ‘அண்ணாச்சி, எலி மருந்து இருக்கா?’ என்று கேளுங்கள். அவர் எடுத்துத் தருவார். எலிக்கு உடம்புக்கு என்ன என்று விசாரிக்க மாட்டார். உரக்கடையில் பூச்சி மருந்து விற்கிறார்கள். எந்தப் பூச்சியும் அதைக் குடித்துத் தேறியதில்லை. உங்கள் அவசரப் பிரிவுக்கு ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்து ‘மருந்தைக் குடிச்சுட்டாங்க’ என்று உறவினர் கதறினால், எந்த டானிக் என்று நீங்கள் கேட்பதில்லை. நஞ்சுமுறிவுக்கு ஆட்ரோபினை எடுத்து வைக்கிறீர்கள். கிராமத்தில் ‘அவனுக்கு மருந்து வச்சுட்டா’ என்றால் சோற்றில் எதையோ கலந்துவிட்டாள் என்று பொருள். இடுமருந்து, மருந்தீடு என்று நம்மிடம் தனிச்சொற்களே இருக்கின்றன.

இதை ஒரு ஜெர்மானியப் பேச்சாளர் கேட்டுவிட்டுப் போய், ‘தமிழர்கள் நஞ்சை மருந்து என்று அழைக்கிறார்கள். சாவே எல்லா நோய்க்கும் மருந்து என்று அந்த இனம் அன்றே கண்டுகொண்டது’ என்று மேடையில் முழங்கினால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? ‘யோவ், அது சும்மா ஒரு பேச்சு வழக்குய்யா’ என்பீர்கள். கிஃப்ட் விஷயத்தில் ஜெர்மானியர்களும் அதையேதான் சொல்வார்கள்.

நஞ்சை அதன் பெயர் சொல்லிக் கூப்பிட மனிதர்களுக்குக் கூச்சம். பாம்பைக் கயிறு என்பது போல. ஆகவே நஞ்சைக் குறிக்க, அதைக் கொடுக்கும் கையின் செயலையோ குடிக்கும் வாயின் செயலையோ சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். லத்தீனில் ‘போட்டியோ’ என்றால் குடிப்பது. அதுதான் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தின் ‘பாய்சன்’ ஆனது. கிரேக்கத்தில் ‘டோஸிஸ்’ என்றால் கொடுத்தல். மருத்துவர்கள் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தளவை அந்தச் சொல்லால் குறித்தார்கள். லத்தீன் மருத்துவ நூல்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. நாம் இன்று ‘ரெண்டு டோஸ்’ என்பதும் அதுதான். ஜெர்மன் பேசியவர்கள் டோஸிஸைத் தங்கள் சொல்லால் பெயர்த்தார்கள். கொடு என்பதற்குக் கேபென். கொடுத்தல், கொடுக்கப்பட்டது என்பதற்குக் கிஃப்ட். கொடுக்கப்பட்ட மருந்து, கொடுக்கப்பட்ட ஏதோ ஒன்று, கொடுக்கப்பட்ட ‘அது’ என்று பொருள் இறங்கிக்கொண்டே வந்தது. இடைக்காலத்தில் பரிசு, நஞ்சு என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் ஒண்டுக்குடித்தனம் நடத்தின. பிறகு நஞ்சு தங்கிவிட்டது, பரிசு வெளியேறிவிட்டது. இன்று பரிசுக்கு ‘கெஷெங்க்’.

ஈராயிரம் ஆண்டு என்ற கணக்கை ஒரே வரியில் தள்ளிவிடலாம். ஜெர்மனில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ‘அப்ரோகன்ஸ்’ என்று அழைக்கப்படும் அது காவியமில்லை, ஒரு லத்தீன்–ஜெர்மன் சொற்பட்டியல். அதற்கும் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் பரிசைப் பற்றி அந்த மக்கள் என்ன தத்துவம் வைத்திருந்தார்கள் என்பதைப் பேச்சாளர் எந்த ஓலைச்சுவடியில் படித்தார்?

இப்போது நான் விடாமல் பிடித்துக்கொள்ளப்போகும் விஷயம். பொறுமையாகக் கேளுங்கள், டேர்–டீ–டாஸ் என்று நீங்கள் கேட்டதும் இதில்தான் வருகிறது.

ஜெர்மனில் வினைச்சொல்லின் வேரோடு ஒரு ‘ட்’ சேர்த்துப் பெயர்ச்சொல் ஆக்குவது மிகப் பழைய முறை. ஃபாரென் (பயணி) – ஃபார்ட் (பயணம்). ட்ராகென் (சும, அணி) – ட்ராஹ்ட் (உடை). ஷ்லாகென் (அடி) – ஷ்லாஹ்ட் (போர்). வேர் ‘ப்’ ஒலியில் முடிந்தால் ‘ட்’ வந்து ஒட்டும்போது அது ‘ஃப்’ ஆகிவிடும். ஷ்ரைபென் (எழுது) – ஷ்ரிஃப்ட் (எழுத்து). ட்ரைபென் (ஓட்டு) – ட்ரிஃப்ட் (மாடு ஓட்டிச்செல்லும் தடம், மேய்ச்சல் நிலம்). கேபென் – கிஃப்ட். ஆங்கிலத்தில் டிரைவ் – டிரிஃப்ட், த்ரைவ் – த்ரிஃப்ட் இருப்பதைக் கவனியுங்கள்; ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இந்த வரிசையில் எல்லாமே பெண்பால். டீ ஃபார்ட், டீ ட்ராஹ்ட், டீ ஷ்லாஹ்ட், டீ ஷ்ரிஃப்ட், டீ ட்ரிஃப்ட். ஆகவே ஒரு பெயர்ச்சொல் ‘ட்’டில் முடிந்து, அதன் வினை உங்களுக்குத் தெரிந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டீ போடலாம், பத்தில் எட்டு சரியாக இருக்கும். வினை தெரியாமல் வெறும் ஒலியை வைத்துப் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். டேர் ஸாஃப்ட் (சாறு), டேர் டுஃப்ட் (நறுமணம்) இரண்டும் ஆண்பால், டீ லுஃப்ட் (காற்று) பெண்பால். இவற்றுக்கும் நம் வரிசைக்கும் உறவில்லை.

அப்படியானால் கிஃப்ட்டும் ‘டீ கிஃப்ட்’ ஆக அல்லவா இருக்க வேண்டும்? இருந்தது. கொடுத்தல், கொடை என்ற பொருளில் பழைய ஜெர்மனில் அது பெண்பால்தான். இன்று உங்கள் பாடப்புத்தகத்தில் ‘டாஸ் கிஃப்ட்’, அஃறிணை மாதிரியான மூன்றாம் பால். நடுவில் ஒரு நீண்ட காலம் ‘டேர் கிஃப்ட்’ என்று ஆண்பாலாகவும் எழுதியிருக்கிறார்கள். ஒரு சொல் மூன்று பாலிலும் உட்கார்ந்து எழுந்திருக்கிறது என்றால், பேசுகிறவர்களுக்கே அது பழைய சொல்லாகத் தோன்றவில்லை என்று அர்த்தம். கேபெனோடு இருந்த உறவு அவர்கள் காதில் அறுந்துவிட்டது. ‘டீ’ போட்டுச் சொன்ன காலத்தில் காதில் கொடை ஒலித்தது. ‘டாஸ்’ போட்டபோது வெறும் நஞ்சு. பேச்சாளர் சொன்னதற்கு நேர் எதிரான சாட்சியம் இது. பரிசும் நஞ்சும் ஒன்று என்று ஜெர்மானியர்கள் நினைத்ததால் சொல் ஒன்றாக இருக்கவில்லை. இரண்டும் வேறு என்று நினைத்ததால்தான் நஞ்சுக்குப் பாலையே மாற்றிவிட்டார்கள்.

மாறாதது எது தெரியுமா? உங்கள் மிட்கிஃப்ட். அது இன்றும் ‘டீ மிட்கிஃப்ட்’. பெண்பால். ஏனென்றால் அதற்குள் இருப்பது நஞ்சுக் கிஃப்ட் இல்லை, பழைய கொடைக் கிஃப்ட். ‘மிட்’ என்றால் உடன், கூட. மிட்கேபென் என்று ஒரு வினை இருக்கிறது; கையோடு கொடுத்தனுப்புதல். ஜெர்மனியில் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும்போது மருத்துவரின் கடிதத்தை அவரிடம் ‘மிட்கேபென்’ செய்வது உங்கள் வேலையாக இருக்கும். பெண்ணோடு கொடுத்தனுப்புவது மிட்கிஃப்ட். கூடவே நஞ்சும் வருகிறது என்பது சொல்லைப் பிய்த்துப் பார்த்தவரின் கற்பனை. பேச்சாளர் தன் துருப்புச்சீட்டின் முன்னால் இருக்கும் அந்த ஒரு ‘டீ’யைப் பார்த்திருந்தால் போதும், மேடை ஏறியிருக்க மாட்டார்.

எல்லாப் பிழையும் இங்கேதான் தொடங்குகிறது, அம்மா. சொல்லைத் தனியாகப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். அதன் பால் என்ன, பன்மை என்ன, எந்த நூற்றாண்டில் என்ன பொருள், அப்போது பக்கத்து வீட்டில் எந்தச் சொல் குடியிருந்தது என்று பார்ப்பதில்லை. தேதி போடாத சொற்பிறப்பு வம்புப்பேச்சுதான்.

‘கொடுப்பு’ கிஃப்ட் ஆன கதையையும் இந்தக் கணக்கிலேயே எழுதிவிடுங்கள். ஒலி ஒத்திருந்தால் உறவு என்றால், தமிழில் கொடு என்றால் தா. கொடுமை, கொடுங்கோல் என்பதிலும் ‘கொடு’ இருக்கிறது. ஆகவே தமிழனுக்குக் கொடுப்பதே கொடுமை என்று ஆகிவிடும். பின்னதற்கு வளைவு, கோணல் என்பது பொருள். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் இரண்டும் தனித்தனிப் பதிவுகள். இதற்கு மேல் அந்த வாட்ஸ்அப் செய்திக்கு மரியாதை செய்ய வேண்டாம்.

மார்செல் மோஸ் பெயரை இழுத்திருக்கிறார்கள். அவர் பெரிய ஆள், மேடைப் பேச்சாளரோடு சேர்த்து அடிக்கக் கூடாது. 1924இல் இந்தச் சொல்லைப் பற்றி ‘கிஃப்ட், கிஃப்ட்’ என்ற தலைப்பிலேயே ஒரு சிறு கட்டுரை எழுதினார். பண்டைய ஜெர்மானியர்களிடையே கொடை என்பது பல நேரம் சேர்ந்து குடிக்கும் பானம். கொடுக்கிறவன் அதில் எதைக் கலந்திருக்கிறான் என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆகவே கொடை என்ற சொல்லுக்குள் அச்சமும் இருந்தது என்பது அவர் பார்வை. டோஸிஸின் மொழிபெயர்ப்பு என்ற விளக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் அறிந்த ஒரு சாதாரணப் பொருளுக்கு மக்கள் ஏன் படித்தவர்களின் சொல்லைக் கடன் வாங்க வேண்டும் என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பதில் உங்கள் வார்டிலேயே இருக்கிறது. சீழுக்கு ஜெர்மனில் என்ன? ‘ஐட்டர்’. புண்ணைத் துடைக்கும்போது தினமும் எழுதப்போகிறீர்கள். அந்த ஐட்டர்தான் நஞ்சுக்கு இருந்த பழைய நாட்டுச் சொல். பழைய உயர் ஜெர்மனிலும் இடைக்கால ஜெர்மனிலும் அதற்கு நஞ்சு என்று பொருள்; பழைய ஆங்கிலத்தில் அதன் உடன்பிறப்புக்கும் நஞ்சுதான் பொருள். ஆக, மக்களிடம் சொல் இல்லாமல் இல்லை. இருந்த சொல்லைச் சொல்லக் கூசி, கொடுத்தது, வைத்தது என்று சுற்றிப் பேசினார்கள். சுற்றிப் பேசிய சொல் நாளடைவில் நேர்ச்சொல் ஆகிவிட்டது. வேலை போன ஐட்டர் உடம்புக்குள் ஊறும் நச்சுநீராகச் சுருங்கிச் சீழில் போய் ஒதுங்கியது. படித்தவர்கள் வாயிலிருந்து சொல் இறங்கி வராது என்று மோஸ் நினைத்தது எனக்குப் புரியவில்லை. நம் ஊர்ப் பாட்டிகள் ‘பிரஷர்’, ‘சுகர்’ என்கிறார்களே, அவை எந்த வயல்வெளியில் முளைத்தவை?

மோஸின் வாதத்தில் பாதியை நான் ஏற்கிறேன். கொடுக்கும் கைதான் நஞ்சையும் கொடுக்கிறது என்ற பயம் எல்லா ஊரிலும் உண்டு. மருந்தீடு என்ற நம் சொல்லும் அந்தப் பயத்தில் விளைந்ததே. ஆனால் அதை ஜெர்மானிய ஆன்மாவின் தனிச்சொத்தாக்குவதற்கு இடமில்லை.

இதையெல்லாம் ஒரே வரியில் பார்க்க வேண்டுமென்றால் ஜெர்மன் கவிஞர் கதேயிடம்தான் போக வேண்டும். 1808இல் வெளிவந்த ‘ஃபவுஸ்ட்’ நாடகத்தின் முதல் பாகம். ஈஸ்டர் நாள். ஃபவுஸ்ட் ஊருக்கு வெளியே உலவப் போகிறான். குடியானவர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, கொள்ளைநோய்க் காலத்தில் நீயும் உன் அப்பாவும் எங்களைக் காப்பாற்றினீர்கள் என்று நன்றி சொல்கிறார்கள். அவர்கள் நகர்ந்ததும் ஃபவுஸ்ட் உடன் வந்த உதவியாளன் வாக்னரிடம் உண்மையைச் சொல்கிறான். அப்பா ரசவாதிகளோடு கருப்பு அடுக்களையில் அடைந்துகொண்டு, செஞ்சிங்கத்தை அல்லியோடு வெதுவெதுப்பான நீரில் மணம் முடித்துவைத்தார். (ரசவாதிகளின் குழூஉக்குறி, நம் சித்தர் பரிபாஷை போல.) கண்ணாடிக் குடுவைக்குள் இளம் ராணி தோன்றினாள். மருந்து தயார். நோயாளிகள் செத்தார்கள். யார் பிழைத்தது என்று எவரும் கேட்கவில்லை. இப்படி நரகத்து ‘லாட்வெர்கெ’க்களோடு இந்தப் பள்ளத்தாக்குகளில் கொள்ளைநோயைவிடக் கொடுமையாக நாங்கள் ஆட்டம் போட்டோம் என்கிறான். லாட்வெர்கெ என்பதற்குச் சரியான தமிழ், லேகியம். பழக்கூழும் மருந்துப்பொடியும் சேர்த்துக் கிண்டி நாக்கில் தடவுகிற அதே சரக்கு.

அடுத்து வருகிறது நமக்கு வேண்டிய வரி: ‘இஹ் ஹாபெ ஸெல்ப்ஸ்ட் டேன் கிஃப்ட் ஆன் டவுஸெண்டெ கெகேபென்.’ நானே அந்த நஞ்சை ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுத்தேன்.

‘டேன்’ என்பதைப் பாருங்கள். ஆண்பால், இரண்டாம் வேற்றுமை. இன்றைய மாணவி எழுதினால் சிவப்பு மை விழும். கதே எழுதினார், ஏனென்றால் அவர் காலத்தில் சொல் இன்னும் நிலைகொள்ளவில்லை. வரியின் கடைசியில் ‘கெகேபென்’. கிஃப்ட்டும் கேபெனும் ஒரே வரியில் எதிரெதிராக நிற்கின்றன. கொடுத்தது மருந்து என்ற பெயரில், போனது நஞ்சாக. இதை மொழிபெயர்க்க முடியுமா என்று கேட்டால், ‘நானேதான் அத்தனை பேருக்கும் மருந்து வைத்தேன்’ என்று ஒரு தமிழன் எழுதலாம். கொடையை இழந்து மருந்தைப் பிடித்திருப்போம். மொழிபெயர்ப்பில் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிப்பதுதான் எப்போதும் நடப்பது. பெயர்க்கவே முடியாத சொற்கள் என்ற பட்டியல்களை எனக்கு அனுப்பாதீர்கள். அவை கோப்பையில் அச்சடித்து விற்கப் பயன்படும்.

டோஸிஸ் என்றதும் மருத்துவர் பாராசெல்சஸைச் சொல்லாமல் போனால் பாவம். 1493இல் ஐன்ஸீடெல்னில் பிறந்தவர், 1541இல் சால்ஸ்பர்கில் இறந்தவர். லத்தீனில் எழுதாமல் ஜெர்மனில் மருத்துவம் எழுதியதே அன்று பெரிய குற்றம். நோயாளிகளுக்கு நஞ்சு கொடுக்கிறார் என்று மற்ற மருத்துவர்கள் தூற்றியபோது 1538இல் தன் தரப்பை எழுதினார். எல்லாப் பொருளும் கிஃப்ட்தான், கிஃப்ட் இல்லாத பொருள் கிடையாது, டோஸிஸ் மட்டுமே ஒரு பொருளைக் கிஃப்ட் அல்லாததாக ஆக்குகிறது என்பது அவர் வாக்கியத்தின் சாரம். இன்று நச்சியல் வகுப்பில் முதல் நாள் சொல்லித்தருவது இதைத்தான். வேடிக்கை, அவர் எதிரெதிராக நிறுத்திய இரண்டு சொற்களுக்கும் வேர்ப்பொருள் ஒன்றே: கொடுத்தல். கிரேக்கத்தில் ஒரு முறை, ஜெர்மனில் ஒரு முறை. நீங்கள் எடுத்துவைக்கும் ஆட்ரோபினும் பெல்லடோனா என்ற கொடிய நஞ்சுச் செடியில் கிடைப்பதுதானே.

பேச்சுப்போட்டி கிடக்கட்டும். கேபென் குடும்பத்தில் உங்களுக்கு உண்மையில் வேலைக்கு ஆகிறவை வேறு சில இருக்கின்றன, அவற்றில் தவறினால் நஷ்டம் உங்களுக்குத்தான். கிஃப்ட் நஞ்சாகிப் போனதும் அதன் இடத்துக்கு ‘காபெ’ வந்தது. அதுவும் கேபெனின் பிள்ளை. கொடை, திறமை என்று இலக்கியத்தில் படிப்பீர்கள். வார்டில் அதற்கு மருந்து செலுத்துதல் என்று பொருள். ‘மெடிகமெண்டென்காபெ’ என்றால் மருந்து கொடுத்தல். ‘நாஹ் காபெ ஃபோன் பாராசெட்டமோல்’ என்று குறிப்பில் இருந்தால் பாராசெட்டமால் கொடுத்த பிறகு. ஐந்நூறு ஆண்டுக்கு முன்னால் கிஃப்ட் பார்த்த அதே வேலை.

ஷிஃப்ட் மாறும்போது நடப்பது ‘ஊபர்காபெ’, ஒப்படைப்பு. அதன் வினை ‘ஊபர்கேபென்’. இதில் ஒரு குழி இருக்கிறது. ‘ஸிஹ்’ (தன்னை) சேர்ந்துவிட்டால் பொருள் வாந்தி எடுத்தல். ‘டேர் பட்ஸியெண்ட் ஹாட் ஸிஹ் ஊபர்கேபென்’ என்றால் நோயாளி வாந்தி எடுத்தார். காலையில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன் என்று சொல்லவந்து ‘மிஹ்’ (என்னை) சேர்த்துவிட்டால் நீங்கள் வாந்தி எடுத்ததாகத் தலைமைச் செவிலியர் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ‘ஃபெர்கேபென்’ இன்னொன்று. இன்று மன்னித்தல், நேரம், படுக்கை முதலியவற்றை ஒதுக்கிக்கொடுத்தல். பழைய ஜெர்மனில் அதற்கே நஞ்சூட்டுதல் என்றும் பொருள் இருந்தது. இப்போது அந்த வேலைக்கு ‘ஃபெர்கிஃப்டென்’. இரண்டையும் குழப்பினால், ‘அவரை மன்னித்துவிட்டேன்’ என்று சொல்லவந்து போலீசை வரவழைப்பீர்கள்.

போதைமருந்துகளைப் பூட்டி வைக்கும் அலமாரியைப் பேச்சில் ‘கிஃப்ட்ஷ்ராங்க்’ என்பார்கள். நூலகர்களும் அதே சொல்லை வைத்திருக்கிறார்கள், பொதுப்பார்வைக்குத் தராத புத்தகங்களின் அலமாரிக்கு. மியூனிக்கின் பவேரிய அரசு நூலகத்தில் ‘ரெமோட்டா’ என்று அப்படி ஒரு பிரிவே இருந்தது. நஞ்சுத் தகவல் மையத்தின் அவசர எண் பெர்லின், பான், மைன்ஸ், மியூனிக் நான்கிலும் ஊர்க் குறியீட்டுக்குப் பின் 19240. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வடகடல் கரைக்கு விடுமுறைக்குப் போனால் சாங்க்ட் பேட்டர்-ஓர்டிங் பக்கம் ‘கிஃப்ட்பூடெ’ என்று பலகை வைத்த உணவகத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். அங்கே பேசும் கீழ் ஜெர்மனில் ‘டாட் கிஃப்ட் வாட்’ என்றால் இங்கே ஏதோ கிடைக்கும் என்று பொருள். மீன் கிடைக்கும்.

வரதட்சணைக்கு வருவோம், மறந்தே போயிற்று. மிட்கிஃப்ட்டைத் தமிழில் வரதட்சணை என்று பெயர்க்காதீர்கள். வரதட்சணை வரனுக்குத் தரும் தட்சணை. மிட்கிஃப்ட் பெண்ணோடு போவது. அதற்கு நெருக்கமானது சீதனம், ஸ்திரீதனம். உங்கள் பேச்சுக்குச் சரக்கு வேண்டுமென்றால் நஞ்சைத் தேடிப் போக வேண்டியதில்லை. நீங்கள் தினமும் சொல்லும் ஆங்கில கிஃப்ட்டின் பழைய ஆங்கில வடிவத்துக்கு, மனைவியை அடையக் கொடுக்கும் விலை என்று பொருள். அதையே பன்மையில் சொன்னால் திருமணம். ஸ்வீடிஷ் மொழியில் இன்றும் ‘கிஃப்ட்’ என்றால் மணமானவர், கூடவே நஞ்சு. (கணவர்மார் ஜோக்கு சொல்லக் கிளம்பிவிடுவார்கள், அனுமதிக்காதீர்கள்.) ஜெர்மானிய மரபில் திருமணத்துக்கு மறுநாள் காலை கணவன் மனைவிக்குத் தரவேண்டிய ‘மோர்கென்காபெ’ என்ற காலைக்கொடை இருந்தது, விதவையானால் அது அவளுக்கு ஆதரவு. ஜெர்மன் சிவில் சட்டம் 1900இல் அமலுக்கு வந்தபோது, மகள் திருமணம் செய்தால் குடித்தனம் வைக்கத் தகுந்த ‘ஆவுஸ்ஷ்டாயர்’ என்ற சீர்வரிசையைத் தந்தை தர வேண்டும் என்று எழுதிவைத்திருந்தது. 1958 ஜூலை 1 அன்று ஆண்–பெண் சமத்துவச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவு போயிற்று. நம் வரதட்சணைத் தடைச் சட்டம் 1961. மூன்றே வருட இடைவெளி. அங்கே அது சட்டப்படி மகள் கேட்கக்கூடிய உரிமை, இங்கே மாப்பிள்ளை வீடு கேட்பது. இந்த வேறுபாட்டை வைத்து ஐந்து நிமிடம் பேசினால் பரிசு உங்களுக்குத்தான்.

அகராதி எதையும் வாங்காதீர்கள். பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகத்தின் ‘டி.டபிள்யூ.டி.எஸ்’ இணையத்தில் இலவசம். சொல்லை அடித்ததும் பால், பன்மை, எடுத்துக்காட்டுகள் வரும். கீழே இறங்கினால் வோல்ஃப்காங் ஃபைஃபரின் சொற்பிறப்பு அகராதிப் பதிவு இருக்கும். 1989இல் கிழக்கு பெர்லினில் வந்தது. அதில் ‘ஏ.எச்.டி.’ என்ற சுருக்கம் பழைய உயர் ஜெர்மன், ‘எம்.எச்.டி.’ இடைக்கால உயர் ஜெர்மன். முதலில் பாலைப் பாருங்கள், பிறகு நூற்றாண்டை, பொருளைக் கடைசியில். அதற்குப் பிறகும் அரிப்பு நிற்கவில்லை என்றால் கிரிம் சகோதரர்களின் பேரகராதிக்குப் போங்கள். 1838இல் ஒப்புக்கொண்ட வேலை, முடியும்போது 1961. வில்ஹெல்ம் ‘டி’ எழுத்தோடு போய்ச் சேர்ந்தார்; யாக்கோப் ‘ஃப்ருஹ்ட்’, அதாவது கனி என்ற சொல்லில் நிற்கும்போது இறந்தார். ‘ஜி’ எழுத்தின் கிஃப்ட்டைத் தொட இருவருக்குமே கொடுத்துவைக்கவில்லை, அது பின்னால் வந்தவர்கள் எழுதியது. அந்த அகராதியைத் திறந்ததும் பெயர்ச்சொற்கள் சிறிய எழுத்தில் தொடங்குவதைப் பார்த்து வினை என்று நினைத்துவிடாதீர்கள். யாக்கோபுக்குப் பெரிய எழுத்து பிடிக்காது. பி2 தாளில் நீங்கள் பெரிய எழுத்தே போடுங்கள்: டாஸ் கிஃப்ட், பன்மையில் டீ கிஃப்டெ.

அன்புடன்.